கேஷ்பேக் கார்டில் எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது? பினாங்குக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தம்பி மனைவி பிறையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் புதுக் கிரெடிட் கார்டு, அதோடு வங்கி கொடுத்த மடிப்புத் தாள். “அண்ணி, ரெண்டு கேட்டகரி செலெக்ட் பண்ணணுமாம். சாப்பாட்டுக்குப் பத்து பர்சன்ட் போட்டிருக்காங்க. அதைத்தானே எடுக்கணும்?” என்று கேட்டாள்.

கார்டில் செலவு செய்த தொகையில் ஒரு பங்கை வங்கி திருப்பிக் கொடுப்பதுதான் கேஷ்பேக், எந்த வகைச் செலவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் என்பதுதான் பிரிவு. என் முதல் கேஷ்பேக் கார்டில் நானும் அதைத்தான் எடுத்தேன். பன்னிரண்டு மாதமும் சாப்பாட்டுப் பிரிவில் எனக்குக் கிடைத்தது மாதம் ஐந்து, ஆறு ரிங்கிட்தான். அதே வருடம் பெட்ரோலுக்கும் வீட்டு பில்களுக்கும் நான் கட்டிய தொகையைப் பிறகு கூட்டிப் பார்த்தபோது மனது வலித்தது. அந்த இரண்டையும் எடுத்திருந்தால் பள்ளி திறக்கும் நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் காலணியும் சட்டையும் வாங்கியிருக்கலாம். அதனால் தம்பி மனைவியிடம், “தாளை அப்புறம் பார்க்கலாம், முதலில் உன் மூன்று மாத ஸ்டேட்மென்டை எடு” என்றேன். அன்று இருவரும் மேசையில் உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கார்டிலும் பிரிவை நாமே தேர்ந்தெடுக்க முடியாது. சில கார்டுகளில் வங்கி நீட்டும் பட்டியலிலிருந்து நாம் எடுக்கலாம். பலவற்றில் பெட்ரோல், மளிகை, பில் என்று வங்கியே முடிவு செய்து வைத்திருக்கும். இன்னும் சிலவற்றில் நாள்தான் பிரிவு. மேபேங்க் 2 கார்டுகளின் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டைக்கு வார இறுதியில் 5 விழுக்காடு, மாதத்துக்கு அதிகபட்சம் 50 ரிங்கிட் என்ற சலுகை பல ஆண்டுகளாக நம் வீடுகளில் பேசப்பட்ட ஒன்று. அமெரிக்காவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாறும் கார்டுகளும் இருக்கின்றன, அங்கே ஒவ்வொரு முறையும் நாமே போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். எந்த வகையானாலும் கணக்கு ஒன்றுதான். பிரிவை வங்கி முடிவு செய்யும் கார்டென்றால், இந்தக் கணக்கை வைத்து எந்தக் கார்டு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

மூன்று மாதச் செலவை எழுதுங்கள்

ஒரு மாதம் போதாது. தீபாவளி வந்த மாதத்தை மட்டும் பார்த்தால் துணிக்கடையே நம் பெரிய செலவு என்று தோன்றும். மூன்று மாதம் எடுத்துச் சராசரி பாருங்கள். வங்கிக் கணக்கு, இ-வாலட், பழைய கார்டு மூன்றையும் சேர்த்து ஒரே தாளில் எழுதுங்கள். கைக்காசாகக் கொடுத்ததும் தாளில் வர வேண்டும், ஆனால் தனி வரிசையில்.

தம்பி வீட்டுக் கணக்கு இப்படி வந்தது. தம்பி பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குக் காடியில் போய் வருகிறான். பெட்ரோல் மாதம் 230 ரிங்கிட். பேரங்காடியில் அரிசி, பால் மாவு, சோப்பு என்று 480. பாசாரில் மீன், காய்கறி 350, அது முழுக்கக் கைக்காசு. வெளியே சாப்பாடு 320. மின்சாரம், தண்ணீர், வீட்டு இணையம், இரண்டு கைப்பேசி எல்லாம் சேர்த்து 390. இணையக் கடைகளில் 150. மருந்தகம், கிளினிக் 60. மருத்துவக் காப்புறுதி 300. அதோடு பினாங்குப் பாலத்து டோல்.

டோலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிறையிலிருந்து தீவுக்குப் போகும்போது மட்டும்தான் கட்டணம், காடிக்கு 5 ரிங்கிட் 74 சென். மாதம் 22 நாள் வேலைக்குப் போனால் 126 ரிங்கிட் 28 சென். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் இது தண்ணீர் பில்லைவிடப் பல மடங்கு பெரிய செலவு. ஆனால் நம்மில் பெரும்பாலோர் இதைக் கட்டுவது டச் என் கோ அட்டையிலிருந்தோ அதன் வாலட்டிலிருந்தோதான். அந்த வாலட்டைக் கிரெடிட் கார்டால் நிரப்பும்போது பெரும்பாலான வங்கிகள் அதை கேஷ்பேக் கணக்கில் சேர்ப்பதில்லை. இ-வாலட் நிரப்புதலை ஒரு பிரிவாகவே கொடுக்கும் கார்டு கிடைத்தால் தினமும் பாலம் கடப்பவர்களுக்கு அது நல்ல யோகம். அப்படி இல்லையென்றால் டோலைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுங்கள்.

கார்டால் கட்டக்கூடியது எவ்வளவு?

பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். வெளியே சாப்பாட்டுக்கு மாதம் 320 ரிங்கிட் போகிறது என்றதும் தம்பி மனைவி உடனே, “பத்து பர்சன்ட் போட்டா முப்பத்திரண்டு வெள்ளி வருமே” என்றாள். சரி, எங்கெல்லாம் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். காலையில் ஒட்டுக்கடையில் தோசை, மதியம் தம்பி வேலையிடத்துக்குப் பக்கத்தில் நாசி கண்டார், சனிக்கிழமை இரவில் பசார் மாலம். இவற்றில் கார்டு வாங்கும் இடம் ஒன்றுகூட இல்லை. கைக்காசு, இல்லாவிட்டால் கியூஆர். அந்தக் கியூஆரை நாம் ஸ்கேன் செய்யும்போது பணம் பெரும்பாலும் சேமிப்புக் கணக்கிலிருந்துதான் போகிறது, கார்டிலிருந்து அல்ல. மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளோடு மால் உணவகத்தில் சாப்பிடுவது மட்டும் கார்டு. அது 70 ரிங்கிட். பத்து விழுக்காடு என்றால் 7 ரிங்கிட்.

பினாங்கில் நாம் சாப்பிடும் முறையைப் பார்த்தால், சாப்பாட்டுப் பிரிவு நம்மில் பலருக்கு ஒத்துவராது. பத்து விழுக்காடு, பன்னிரண்டு விழுக்காடு என்று பெரிய எண்ணாக அச்சடிக்கப்படுவது பெரும்பாலும் இந்தப் பிரிவுதான். அலுவலகத்தில் விருந்தினரை அழைத்துப் போகிறவர்கள், வாரத்துக்கு இரண்டு முறை உணவகத்தில் குடும்பமாகச் சாப்பிடுகிறவர்கள் எடுக்கட்டும், அவர்களுக்கு நல்லது. ஒட்டுக்கடையிலும் கோப்பிக்கடையிலும் சாப்பிடுகிறவர்கள் எடுக்க வேண்டாம். கேஷ்பேக் வரட்டும் என்று ஒட்டுக்கடையை விட்டு விலை கூடின உணவகத்துக்குப் போவதையும் நான் ஏற்கமாட்டேன். 8 ரிங்கிட்டுக்குச் சாப்பிட வேண்டியதை 25 ரிங்கிட்டுக்குச் சாப்பிட்டு இரண்டரை ரிங்கிட் திரும்ப வாங்குவதில் நமக்கு என்ன கிடைக்கிறது?

உச்சவரம்பை விழுக்காட்டால் வகுங்கள்

இதற்கு ஒரு கால்குலேட்டர் போதும். ஒவ்வொரு பிரிவுக்கும் மாதத்துக்கு இவ்வளவுதான் திரும்பக் கொடுப்போம் என்று ஓர் உச்சவரம்பு இருக்கும். அந்தத் தொகையை விழுக்காட்டால் வகுத்தால், அந்தப் பிரிவில் எத்தனை ரிங்கிட் வரைக்கும் செலவு செய்தால் பயன் உண்டு என்று தெரிந்துவிடும். உச்சவரம்பு 15 ரிங்கிட், விழுக்காடு 5 என்றால் 300 ரிங்கிட் வரை. அதே 15, ஆனால் 8 விழுக்காடு என்றால் 187 ரிங்கிட் 50 சென் வரை. 10 விழுக்காடு என்றால் 150. அதற்கு மேல் நாம் தேய்க்கும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் சாதாரண விகிதம்தான், பல கார்டுகளில் அது 0.2 விழுக்காடு. ஆயிரம் ரிங்கிட்டுக்கு இரண்டு ரிங்கிட்.

உச்சவரம்பு ஒன்றாக இருக்கும் வரை 5 விழுக்காடும் 10 விழுக்காடும் கடைசியில் ஒரே 15 ரிங்கிட்டைத்தான் தருகின்றன. நம் செலவு அந்த எல்லையைத் தொடுகிறதா இல்லையா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தம்பி மனைவியின் கார்டில் உணவகத்துக்கு 10, பெட்ரோலுக்கு 8, மளிகை, பில், இணையக் கடை மூன்றுக்கும் தலா 5 விழுக்காடு. பிரிவுக்கு 15 ரிங்கிட் உச்சவரம்பு. கணக்குப் போட்டோம். உணவகம் 7 ரிங்கிட். பெட்ரோல் 230க்கு 18 ரிங்கிட் 40 சென் வர வேண்டும், 15ல் நின்றுவிடும். மளிகை 480க்கு 24 வர வேண்டும், அதுவும் 15. பில் 390க்கு 19 ரிங்கிட் 50 சென், அதுவும் 15. இணையக் கடை 7 ரிங்கிட் 50 சென். மேலே மூன்று பிரிவுகள் சமமாக நின்றன, எடுக்கக்கூடியது இரண்டு. அவள் ஆசையாக எடுக்க நினைத்த உணவகம் கடைசியில் வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரிவு உச்சவரம்பு தனி, மொத்த உச்சவரம்பு தனி. பிரிவுக்கு 15 என்று நான்கு பிரிவு கொடுத்துவிட்டு, எல்லாம் சேர்த்து மாதம் 50 மட்டும் என்று கீழே ஒரு வரி இருக்கலாம். விதிமுறைத் தாளில் அந்த வரியைத் தேடிப் பிடித்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

குறைந்தபட்சச் செலவு

கூடுதல் விழுக்காடு கிடைக்க, மாதம் மொத்தம் இவ்வளவாவது கார்டில் செலவு செய்திருக்க வேண்டும் என்று பல வங்கிகள் நிபந்தனை வைக்கின்றன. அதைத் தொடாவிட்டால் பிரிவே இல்லாதது போல எல்லாவற்றுக்கும் 0.2 விழுக்காடுதான்.

தம்பி வீட்டில் கார்டால் கட்டக்கூடியது பெட்ரோல், பேரங்காடி, உணவகம், பில், இணையக் கடை, மருந்தகம், காப்புறுதி எல்லாம் சேர்த்து 1,680 ரிங்கிட். நிபந்தனை 1,000 என்றால் கவலையில்லை. 2,000 என்றால் அவர்களுக்கு அந்தக் கார்டு சரிப்படாது. 1,680க்கு 0.2 விழுக்காடு 3 ரிங்கிட் 36 சென். மிச்சம் 320 ரிங்கிட்டை எதையாவது வாங்கி நிரப்பலாம் என்று நினைக்காதீர்கள். 30 ரிங்கிட்டுக்காக 320 ரிங்கிட் செலவு செய்வது எந்தக் கணக்கிலும் இலாபம் ஆகாது. குறைந்த நிபந்தனை உள்ள வேறு கார்டைத் தேடுங்கள். காப்புறுதி, அரசாங்கக் கட்டணம், வாலட் நிரப்புதல் இவையெல்லாம் அந்தக் குறைந்தபட்சத் தொகையில் சேருமா என்பதையும் தாளில் பாருங்கள். சில கார்டுகளில் சேராது. காப்புறுதியைத் தள்ளினால் தம்பி வீட்டுத் தொகை 1,380 ஆக இறங்கிவிடும்.

கடைக்கு வங்கி வைத்திருக்கும் எண்

இது தெரியாமல்தான் நான் மூன்று மாதம் ஏமாந்தேன். நாம் மளிகை வாங்கினோமா மருந்து வாங்கினோமா என்பது வங்கிக்குத் தெரியாது. அதன் கண்ணில் படுவது அந்தக் கடைக்குக் கொடுக்கப்பட்ட நான்கு இலக்க எண் மட்டும்தான். கடைக்காரர் கார்டு இயந்திரம் வாங்கும்போது, அவருடைய வியாபாரம் என்ன என்று பார்த்து அந்த எண் ஒதுக்கப்படுகிறது. உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரே பட்டியல்தான். 5411 என்றால் மளிகை, சூப்பர்மார்க்கெட். 5541 பெட்ரோல் நிலையம், 5542 பம்பிலேயே கார்டு போடுவது. 5812 உணவகம், 5814 துரித உணவு. 5912 மருந்தகம். 4900 மின்சாரம், தண்ணீர் போன்ற சேவைகள். 4814 தொலைபேசி. 5311 பல்பொருள் அங்காடி, அதாவது டிபார்ட்மென்ட் ஸ்டோர். 5944 நகைக்கடை.

நான் மளிகைப் பிரிவு எடுத்திருந்த காலத்தில் வழக்கமாக ஒரு பெரிய கடையில் சாமான் வாங்குவேன். அரிசியும் பருப்பும் எண்ணெயும்தான் வாங்கினேன். மூன்று மாதம் கழித்து ஸ்டேட்மென்டைப் பார்த்தால் மளிகை கேஷ்பேக் சைபர். வங்கிக்குப் போன் செய்தேன். அந்தக் கடை பல்பொருள் அங்காடி எண்ணில் பதிவாகியிருக்கிறது, எதுவும் செய்ய முடியாது என்றார்கள். விதிப்படி அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் வீட்டுக் கணக்கு பார்த்துப் பார்த்துச் செலவு செய்யும் ஒருத்திக்கு அதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

அதிலிருந்து நான் செய்வது இதுதான். புதுக் கார்டு வந்ததும் வழக்கமான ஒவ்வொரு கடையிலும் ஒருமுறை சின்னத் தொகைக்குத் தேய்ப்பேன். எந்தத் தேதி, எந்தக் கடை, எத்தனை ரிங்கிட் என்று கைப்பேசியில் எழுதி வைப்பேன். அடுத்த ஸ்டேட்மென்டில் எதற்கு கேஷ்பேக் வந்தது, எதற்கு வரவில்லை என்று ஒப்பிடுவேன். ஒரு மாதத்தில் நம் வட்டாரத்துக் கடைகளின் நிலவரம் கைக்கு வந்துவிடும். வங்கிக்குப் போன் செய்து, “இந்தத் தேதியில் நடந்த இந்தப் பரிவர்த்தனை எந்தப் பிரிவில் விழுந்தது?” என்று கேட்டாலும் பெரும்பாலும் சொல்வார்கள்.

சில இடங்களை முன்கூட்டியே சந்தேகப்படலாம். ஒரே கட்டடத்தில் கீழே சூப்பர்மார்க்கெட், மேலே துணிமணி என்றால் இரண்டு காசாளர் பகுதிக்கும் வெவ்வேறு எண் இருக்கலாம், அரிசியைக் கீழேயே பில் போடுங்கள். ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் தங்கும் விடுதி எண்ணில் விழலாம். சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டுவரும் செயலியில் வாங்கினால் அது உணவகமாகப் போகுமா என்பது அந்தச் செயலி எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. லெபோ பாசார் பக்கம் லிட்டில் இந்தியாவில் மசாலா, பூசைச் சாமான், பாத்திரம் எல்லாம் ஒரே கடையில் விற்பார்கள். அந்தக் கடை எந்த எண்ணில் இருக்கிறது என்பது ஒருமுறை தேய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

சின்னக் கடைகளில் கார்டு என்றால் 1 அல்லது 2 விழுக்காடு கூட்டிக் கேட்பதும் உண்டு. அந்தக் கடை நம் பிரிவில் இல்லையென்றால் 0.2 விழுக்காட்டுக்காக 2 விழுக்காடு கொடுப்பதாகிவிடும். அங்கே கைக்காசு கொடுத்துவிடுங்கள்.

பெட்ரோலா, மளிகையா, பில்லா?

பெட்ரோலில் கடையின் எண் குழப்பம் குறைவு. எண்ணெய் நிலையம் எண்ணெய் நிலையமாகத்தான் பதிவாகியிருக்கும். 2025 செப்டம்பர் 30 முதல் அரசாங்கத்தின் புடி95 பெட்ரோல் மானியத் திட்டத்தில் மைகாட் அடையாள அட்டை உள்ள தகுதியுள்ள குடிமக்களுக்கு ரோன்95 லிட்டர் 1 ரிங்கிட் 99 சென் ஆனது. அதற்கு முன் 2 ரிங்கிட் 5 சென். விலை இறங்கினால் பெட்ரோல் பிரிவின் பயனும் கொஞ்சம் இறங்கும், ஏனென்றால் உச்சவரம்பைத் தொட அதிக லிட்டர் ஊற்ற வேண்டும். 8 விழுக்காடு, 15 ரிங்கிட் கணக்கில் 94 லிட்டர் சொச்சம் அடித்தால் எல்லையைத் தொடலாம். தினமும் பாலம் தாண்டும் காடிக்கு அது எளிது. வீட்டுக்குப் பக்கத்திலேயே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு மாதம் 40 ரிங்கிட் எண்ணெயே அதிகம், அவருக்கு 3 ரிங்கிட் 20 சென்தான் வரும், பெட்ரோல் பிரிவு வேண்டாம்.

பம்பிலேயே கார்டைப் போட்டால் முதலில் 200 ரிங்கிட்டைப் பிடித்து வைத்துவிட்டு, பிறகு உண்மையான தொகையை மட்டும் எடுப்பார்கள். பிடித்த பணம் விடுபடச் சில நாள் ஆகலாம். கார்டு வரம்பு குறைவாக இருப்பவர்கள் கவுன்டரில் போய்த் தொகையைச் சொல்லிக் கட்டுவது நிம்மதி. எண்ணெய் நிறுவனங்களின் செயலியில் முதலில் வாலட்டை நிரப்பி அதிலிருந்து கட்டினால், அது வாலட் நிரப்புதலாகப் போய் கேஷ்பேக் தவறிவிடலாம். செயலியில் கார்டை நேரடியாக இணைத்துக் கட்டும் வழி இருந்தால் அதை எடுங்கள், சந்தேகம் என்றால் கவுன்டரே போதும்.

பில் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. மின்சாரமும் இணையமும் கைப்பேசியும் மாதம் தவறாமல் வரும், தொகையும் அதிகம் ஆடாது. ஒருமுறை தானாகக் கட்டும்படி செய்துவிட்டால் மறக்கவும் முடியாது, பிரிவு உச்சவரம்பும் தானாக நிரம்பும். ஆனால் எந்த வழியில் கட்டுகிறோம் என்பது முக்கியம். மின்சார நிறுவனமான டிஎன்பியின் செயலியிலோ தொலைபேசி நிறுவனத்தின் செயலியிலோ கார்டை நேரடியாகக் கொடுத்துக் கட்டுங்கள். வங்கிச் செயலியில் ஜோம்பே என்ற பில் கட்டும் வசதி வழியாகக் கட்டினால், கார்டிலிருந்தே போனாலும் பல வங்கிகள் அதை கேஷ்பேக்கில் சேர்ப்பதில்லை. பில் பிரிவில் எந்தெந்த நிறுவனங்கள் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கும் கார்டும் உண்டு. நம் வீட்டு இணைய நிறுவனம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் 390 சட்டென்று 280 ஆகிவிடும்.

மளிகையில் பணம் அதிகம் போகிறது, ஆனால் மேலே சொன்ன எண் பிரச்சினையும் இங்கேதான் அதிகம். ஒரே பேரங்காடியில் வாங்கும் பழக்கமும், அது 5411ல் இருப்பது உறுதியும் என்றால் தாராளமாக எடுங்கள். பாதியைப் பாசாரில் வாங்குகிறவர்கள் பாசார்க் காசைக் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள்.

தம்பி மனைவிக்கு மூன்றும் 15 ரிங்கிட் என்று வந்ததே, எப்படி முடிவு செய்தோம்? தம்பியிடம் ஏற்கனவே வார இறுதி மளிகைக்கு 5 விழுக்காடு கொடுக்கும் பழைய கார்டு ஒன்று இருந்தது. பேரங்காடிக்கு அவர்கள் போவதே சனிக்கிழமைதான். மளிகையை அந்தக் கார்டுக்கு விட்டுவிட்டு, புதுக் கார்டில் பெட்ரோலும் பில்லும் எடுத்தோம். மளிகை பழைய கார்டுக்குப் போனதும் புதுக் கார்டின் மாதச் செலவு 1,200 ஆகிறது, காப்புறுதியும் கணக்கில் சேர்ந்தால் 1,000 நிபந்தனைக்கு அது போதும். மாதம் 30 ரிங்கிட், வருடத்துக்கு 360. கார்டு ஒன்றுக்கு வருடம் 25 ரிங்கிட் சேவை வரி உண்டு, துணைக் கார்டுக்கும் அதே 25. ஒரு கார்டுக்குக் கழித்தால் 335 ரிங்கிட். துணைக் கார்டும் எடுத்தால் 310.

தேதிகள்

நான் சொல்லும் “மாதம்” எல்லாம் ஸ்டேட்மென்ட் மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பல கார்டுகளில் அப்படித்தான். சில கார்டுகளில் முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை. இரண்டில் எது என்று தாளில் பாருங்கள். நாம் தேய்க்கும் நாளும் அது கணக்கில் ஏறும் நாளும் ஒன்றல்ல, இடையில் இரண்டு மூன்று நாள் போகும். ஸ்டேட்மென்ட் 18ஆம் தேதி என்றால் 17ஆம் தேதி அடித்த எண்ணெய் அடுத்த மாதத்துக்குப் போய்விடலாம். குறைந்தபட்சச் செலவை நூலிழையில் தொடுகிறவர்கள் கடைசி நான்கு நாளை நம்ப வேண்டாம்.

பிரிவைத் தேர்ந்தெடுத்த தேதியும் முக்கியம். தேர்வு எப்போதிலிருந்து அமலாகும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம் என்று கேளுங்கள். செயலியில் தேர்ந்தெடுத்ததும் அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் அதுதான் நம்மிடம் இருக்கும் சாட்சி.

முழுத் தொகையையும் கட்டுங்கள்

மேலே சொன்ன எல்லாம் ஸ்டேட்மென்ட் தொகையை மாதா மாதம் முழுதாகக் கட்டுகிறவர்களுக்கு மட்டும். கட்ட முடியாதவர்கள் பிரிவைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

நம் நாட்டில் கார்டு வட்டி மூன்று படியில் இருக்கிறது. பன்னிரண்டு மாதமும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டியவருக்கு வருடம் 15 விழுக்காடு, பத்து மாதமாவது கட்டியவருக்கு 17, மற்றவர்களுக்கு 18. 2,000 ரிங்கிட் பாக்கியை 18 விழுக்காட்டில் ஒரு மாதம் வைத்திருந்தால் வட்டி 30 ரிங்கிட். தம்பி வீட்டில் பெட்ரோலும் பில்லும் சேர்ந்து மாதம் முழுக்கச் சம்பாதித்த அதே 30 ரிங்கிட். குறைந்தபட்சத் தொகை என்பது பாக்கியில் 5 விழுக்காடு அல்லது 50 ரிங்கிட், எது அதிகமோ அது. அதை மட்டும் கட்டினால் நல்ல பெயர் இருக்கும், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தாமதமானால் 1 விழுக்காடு அல்லது 10 ரிங்கிட் அபராதம், அதிகபட்சம் 100. கார்டைப் போட்டுக் கைக்காசு எடுத்தால் 5 விழுக்காடு அல்லது 15 ரிங்கிட் கட்டணம், அன்றிலிருந்தே வட்டி, கேஷ்பேக் கிடையாது.

பாக்கி கைமீறிப் போய்விட்டதென்றால் ஏகேபிகேவுக்குப் போங்கள். கடனில் சிக்கியவர்களுக்கு வழி சொல்ல 2006ல் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த அமைப்பு, ஆலோசனை இலவசம். ஜார்ஜ்டவுனுக்குப் போய் உட்கார்ந்து பேச வெட்கப்பட வேண்டியதில்லை. நம் ஆட்கள் வெட்கத்தில் தள்ளிப் போட்டே இன்னொரு கார்டு எடுத்து முதல் கார்டைக் கட்டுகிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

எத்தனை கார்டு, எப்போது மாற்றுவது

வருட வருமானம் 24,000 ரிங்கிட் இருந்தால்தான் கார்டுக்கு விண்ணப்பிக்க முடியும். 36,000 அல்லது அதற்குக் கீழ் இருப்பவர்கள் இரண்டு வங்கிகளின் கார்டுகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. இந்த விதி நல்லதுதான் என்பது என் கருத்து. ஒன்று பில்லும் பெட்ரோலும், இன்னொன்று மளிகையும் மற்றதும். இதற்கு மேல் போனால் எந்தக் கார்டில் எந்தத் தேதி என்று நினைவில் வைக்கவே தனியாக ஒருவர் வேண்டும். கார்டின் பின்னால் சின்னத் தாள் ஒட்டி “எண்ணெய், பில்” என்று எழுதிவிடுங்கள். வீட்டுக்காரருக்கும் குழப்பம் வராது.

வருடத்தில் இரண்டு முறை கணக்கைத் திரும்பப் பாருங்கள். தீபாவளிக்கு முன் ஒருமுறை. அந்த மாதம் துணி, பலகாரச் சாமான், விருந்து என்று செலவு வேறு மாதிரி இருக்கும். ஆனால் உச்சவரம்பு 15 ரிங்கிட்டாகத்தான் இருக்கும் என்பதால், 1,500 ரிங்கிட்டுக்குத் துணி எடுத்தாலும் பிரிவு மாற்றுவதில் பெரிய இலாபமில்லை. உச்சவரம்பே இல்லாமல் எல்லாச் செலவுக்கும் ஒரு விழுக்காடு கொடுக்கும் கார்டு வீட்டில் யாரிடமாவது இருந்தால் அன்று அதுதான் உதவும். இன்னொரு முறை, ஜனவரிக்கு முன். 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால் புத்தகம், சீருடை, பள்ளிப் பேருந்து எல்லாம் வருடத் தொடக்கத்தில் ஒரே மூச்சில் வருகின்றன.

இடையில் வங்கியே விதியை மாற்றலாம். விழுக்காட்டைக் குறைப்பார்கள், உச்சவரம்பை இறக்குவார்கள், குறைந்தபட்சச் செலவை ஏற்றுவார்கள். விதிமுறை மாறினால் குறைந்தது 21 நாளுக்கு முன் தெரிவிக்க வேண்டும் என்பது இங்குள்ள நடைமுறை. அந்த அறிவிப்பு மின்னஞ்சலிலோ ஸ்டேட்மென்டின் கடைசிப் பக்கத்திலோ சின்ன எழுத்தில் வரும், திறந்து படியுங்கள். வர வேண்டிய கேஷ்பேக் வராமல், எழுதிக் கேட்டும் வங்கியின் பதில் திருப்தி தரவில்லையென்றால் 2025 ஜனவரியிலிருந்து இயங்கும் நிதிச் சந்தைகளுக்கான ஒம்புட்ஸ்மன் சேவையிடம் புகார் கொண்டுபோகலாம். அப்போது தேதியும் ரசீதும் திரைப் படமும் கையில் இருக்க வேண்டும்.

தம்பி மனைவி அன்று இரவே செயலியில் இரண்டு பிரிவையும் பதிந்து, திரையைப் படம் பிடித்து எனக்கும் அனுப்பினாள். டிஎன்பி பில்லை மறுநாள் கார்டுக்கு மாற்றினாள். அவளுடைய முதல் ஸ்டேட்மென்ட் வரும் 18ஆம் தேதி. அதை எடுத்துக்கொண்டு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். எந்தக் கடை எந்த எண்ணில் விழுந்தது என்று இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.